நாலாம் மாடிக்காகப் பேசியவள்

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்பதற்காக எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். வாய் உள்ளவனுக்கு என்ன குறை?

அம்மா போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரைக்கும் உன்னால் குறுக்கே வர முடியாது.

சித்தி மகள் போன வாரம் வந்தாள். பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற வேண்டுமாம். அவர்கள் மஞ்சள் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். அதற்குக் கூட்டம் போட்டார்களாம். கம்பெனி சார்பில் நீ பேசினாயாம். "அண்ணன் பேசப் பேச எல்லாரும் கண்ணத் தொடச்சிக்கிட்டாங்கக்கா. பெரியம்மா படிக்கட்டுலயே உயிர விட்டாங்களா? எங்கிட்டகூடச் சொல்லலியே நீ!" என்றாள். நான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துவிட்டேன்.

ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லையாமே. இரண்டாம் மாடி வளைவில் மாட்டிக்கொண்டதாமே. அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு "காத்து வேணும்டா" என்றார்களாமே.

அம்மா முன்னறைக் கட்டிலில் செத்தார்கள். தலை என் மடியில் இருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது, காற்றும் வந்தது. நீ வந்தபோது முகத்தை மூடியாகிவிட்டது. நீலக்கோடு போட்ட சட்டை போட்டிருந்தாய். இரண்டாவது பொத்தானை வேறு நிற நூலால் தைத்திருந்தாய், அதுவும் கோணலாக. தோள்பையை இறக்குவதற்கு முன்னாலேயே, "காபி இருக்கா?" என்றாய். எனக்கு எதுவும் மறக்காது, தெரியுமல்லவா.

இப்போது எங்கள் வாசல் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். "மதிப்பிற்குரிய குடியிருப்பாளர்களே" என்று மேலே. பேசுபவர் என்று அடியில் உன் பெயர். உன் அக்கா மதிப்பிற்குரிய குடியிருப்பாளர் ஆகிவிட்டாள், சந்தோஷம்.

இரண்டு விஷயம். அம்மாவை உன் வாயிலிருந்து இறக்கிவிடு. எங்கள் கட்டடத்துக்கு வராதே.

அக்கா

—

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிரித்துப் படித்த பிறகு, போனது நான்தான் என்று தெரிந்தது.

நீ எழுத்தில் கேட்டது நல்லதாகப் போயிற்று. டாக்டர் என்னைப் பேசவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தொண்டையில் ஏதோ தடித்திருக்கிறதாம். பகலெல்லாம் உப்புப் போட்ட வெந்நீரைக் கொப்பளித்துக்கொண்டு, கம்பெனி கொடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு கெட்டில், எதிரே அடுத்த கட்டடத்தின் பின்சுவர். சாயங்காலம் ஆனால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.

அம்மா விஷயம். நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். "இந்தக் கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, கம்பி துருப்பிடித்துவிட்டது, லிஃப்ட் இல்லை" என்று கணக்கு சொன்னால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். ஊருக்கே கஷ்டம் என்றால் யாருக்கும் வலிக்காது. ஒருத்திக்குக் கஷ்டம் என்றால் எல்லாருக்கும் வலிக்கும். அந்த ஒருத்திக்கு ஒரு முகம் வேண்டும். முகம் என்று தேடினால் எனக்கு வருவது அம்மா முகம்தான். வேறு யாரை வைத்து நான் பேசுவேன்? நடந்ததைச் சொல்லவில்லை, நடந்திருக்கக்கூடியதைச் சொன்னேன். அந்த வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாதுதானே?

நான் கூட்டத்தை இளக்கிக் கொடுப்பேன், அவ்வளவுதான். கை தூக்கச் சொல்வதும், காகிதம் நீட்டுவதும் கம்பெனி ஆபீசரின் வேலை. நான் அப்போது பின்னால் நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் கட்டடத்துக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "உங்க அக்கா இருக்கிற இடம், உங்களுக்கு இன்னும் ஈசிதானே சார்" என்கிறார் ஆபீசர். ஜூலை முதல் ஞாயிறு. நீ அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போய்விடேன். எனக்காக இல்லாவிட்டாலும், உன் இரத்த அழுத்தத்துக்காக.

உன் தம்பி

—

ஜூன் 17

தம்பிக்கு,

என் இரத்த அழுத்தத்துக்கு நீதான் காரணம். நோயே வந்து என்னை மகள் வீட்டுக்கு அனுப்புகிறதா?

நான் போகமாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியவேண்டும். இடித்துக் கட்டி முடிக்கிறவரைக்கும் ஊருக்கு வெளியே வாடகை வீடு கொடுப்பார்களாம். சாலையைத் தாண்டினால் வெறும் பொட்டல். அங்கே என்னிடம் ஜிப் மாற்ற யார் வருவார்கள்? புது வீட்டுக்குச் சாவி கொடுக்கும்போது கையை நீட்டி வாங்க நான் இருப்பேனா? சின்ன வயசுக்காரர்களுக்கு அது புது வீடு. எனக்கு அது வீட்டை விட்டுத் துரத்துவது. பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் என் நாலாம் மாடி போய்விடும். அது போகக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

எங்கள் சங்கத் தலைவர் யார் தெரியுமா? வாய்தா. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், எதைக் கேட்டாலும் அடுத்த மாசம் என்பார், அதனால் அந்தப் பெயர். அவர் என் வீட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்து, "நம்ம தரப்புல ஒருத்தர் பேசணும்மா. உங்களுக்குத்தான் வாய் இருக்கு" என்றார். "தண்ணி வராத அன்னிக்கு மட்டும் எனக்கு வாய் இருக்கு, மத்த நாள்ல ராட்சசின்னு பேரு" என்றேன். "அதேதான், அந்த வாய்தான்" என்கிறார்.

ஒத்துக்கொண்டுவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சண்டை என்றால் எதிரே ஒருத்தர் இருப்பார், அவர் சொல்வதற்குப் பதில் சொன்னால் போதும். கூட்டம் என்றால் அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இருக்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? நேற்று மிஷினுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்பதோடு நின்றுவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

உன்னிடம் கேட்கிறேன் என்று நினைக்காதே. சும்மா சொல்கிறேன்.

அக்கா

—

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சும்மா எழுதுகிறேன்.

கையை நாற்காலி முதுகின் மேல் வை. நடுக்கம் நாற்காலிக்குப் போய்விடும்.

வணக்கம் சொல்லாதே. வணக்கம் சொன்னால் ஜனங்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் யாரிடமாவது ஒரு சின்ன உதவி கேள். அந்த ஃபேனை நிறுத்துங்களேன், அந்தக் கதவைச் சாத்துங்களேன். ஒருவர் எழுந்து செய்துவிட்டால் அதன் பிறகு மொத்தக் கூட்டமும் உனக்கு ஒரு வேலை செய்து கொடுத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். சின்னது கொடுத்தவர்கள் பெரியதும் கொடுப்பார்கள்.

தலையாட்டுகிறவர்களைப் பார்த்துப் பேசாதே, அவர்கள் ஏற்கெனவே உன் பக்கம். கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறவரையும் விட்டுவிடு. தரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் இருப்பார். அவர்தான் யோசிக்கிறவர். அவரிடம் பேசு.

எதிராளி சொல்லப்போவதை நீயே முதலில் சொல்லிவிடு. லிஃப்ட் இல்லைதான், படி செங்குத்துதான் என்று நீயே ஒத்துக்கொள். நான் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

எழுதிப் படிக்காதே. மனப்பாடமும் வேண்டாம், உனக்கு எதுவும் மறக்காது என்று நீதான் சொல்கிறாயே. நீ கண்ணால் பார்த்ததை மட்டும் சொல். எந்தச் சட்டை, எந்தப் பொத்தான் என்று சொல்வாயே, அப்படி. பார்க்காததைச் சொல்லத்தான் நான் இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் கஷ்டம். நீ பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நேரத்தில் கூட்டம் சத்தமில்லாமல் ஆகிவிடும். இருமல்கூட வராது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடு. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் கெட்டுவிடும். நான் பாதிக் கூட்டங்களை அந்த ஒரு வார்த்தையில்தான் கெடுத்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி அன்றைக்கு நான் பேசமாட்டேன். இது வாக்கு.

உன் தம்பி

—

ஜூலை 7

தம்பிக்கு,

உனக்குத் தெரியும், நீ அங்கேதான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். நீ நின்ற இடத்திலிருந்து தெரிந்தது வேறு, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது வேறு.

வண்டி நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ஸ்டாண்ட் ஃபேனும் போட்டிருந்தார்கள். நீ முதலில் பேசினாய். துருப்பிடித்த கம்பியைக் காட்டினாய், புதுக் கட்டடத்தின் படத்தைக் காட்டினாய், குரல் கரகரவென்று இருந்தது. அம்மாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

நீ சொல்வாய், நான் எழுந்து "பொய்" என்று சொல்லலாம் என்று ஒரு வாரமாகத் தயாராக இருந்தேன். நீ சொல்லவில்லை. என் கையில் இருந்த கல்லை எங்கே எறிவது? அப்போதுதான், அம்மா போன சமயத்தில் ஊரில் இல்லாத கீழ்வீட்டு டீச்சர், "இவங்க அம்மாவே இந்தப் படியிலதானே போனாங்களாம்! மஞ்சக் கட்டடத்துல எல்லாரும் சொல்றாங்களே!" என்றாள். நான் எழுந்துவிட்டேன்.

நீ எழுதிய மாதிரியேதான் செய்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வாய்தாவை ஃபேனை நிறுத்தச் சொன்னேன். அவர் வாழ்நாளில் கேட்ட அன்றைக்கே செய்த ஒரே வேலை அதுதான்.

"எங்கம்மா படியில சாகல. கட்டில்ல என் மடியில போனாங்க. படியில சாகுறதுக்கு அவங்க படியில கால் வச்சாத்தானே? முட்டி போனதுக்கப்புறம் கடைசி ஏழு வருஷம் அவங்க கீழேயே எறங்கல" என்றேன்.

இதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. பொய்யை மறுக்கப் போனவள், உண்மை அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பார்த்தவுடன் வாய் தானாகவே ஓடியது.

"ஜன்னல்ல உக்காந்து உங்களையெல்லாம் பாப்பாங்க. மேலேருந்து பாத்தா முகம் எங்க தெரியும்? உச்சந்தலதான். டீச்சர் வகிடு கோணல்னு கண்டுபுடிச்சது எங்கம்மாதான். வாய்தா சாருக்கு வழுக்க விழுந்தது அவர் சம்சாரத்துக்கு முன்னாடியே எங்கம்மாவுக்குத் தெரியும்" என்றேன். சிரித்தார்கள். வாய்தா தலையைத் தடவிக்கொண்டார்.

"கடைசி வருஷம் டீச்சரே ஒரு நாள் மேல வந்தாங்க. அம்மா அவங்க முகத்தப் பாத்து, யாரும்மா நீன்னு கேட்டாங்க. டீச்சர் குனிஞ்சு செருப்பக் கழட்டினாங்க. அந்த வகிடப் பாத்ததும் அம்மா, ஓ, டீச்சரான்னாங்க."

அதற்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் மாடி எலக்ட்ரீஷியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ சொன்னாயே, அவரிடம் பேசு என்று. அவனிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன், பாவி. அவன் அப்பா பக்கவாதம் வந்ததிலிருந்து மேலேயே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை. எனக்கு, எதுவும் மறக்காத எனக்கு.

கூட்டத்தில் சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை. நீ சொன்ன இடம் இதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"அதனால கை தூக்காதீங்க" என்று நான் சொல்லவே இல்லை. "எங்கம்மாவ நாங்க பாத்துக்கிட்டோம், மாத்திரையும் பாலும் நீங்கதான் மேல கொண்டுவந்து குடுத்தீங்க, அந்த மாதிரி ஜனம் பொட்டல்ல கிடைக்குமா, இங்கேயே இருப்போம்" என்று சொல்லத்தான் எழுந்தேன். அதற்கு முன்னால் உன் ஆபீசர் எழுந்து, "அம்மா சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது? சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். எலக்ட்ரீஷியன் முதலில் தூக்கினான். என் முகத்தைப் பார்க்காமல் தூக்கினான். பிறகு டீச்சர். வாய்தாகூட.

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் அந்த நுணலுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது யார்?

ஃபேன், நாற்காலி, தரையைப் பார்க்கிறவன், எல்லாம் எழுதினாய். கடைசியில் வேண்டியதைக் கேட்கவேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. மறந்துபோனாயா, வேண்டுமென்றே விட்டுவிட்டாயா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

அக்கா

—

ஜூலை 15

அக்கா,

நீ நம்புகிற மாதிரி எழுத எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை. நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கும் நன்றாக இருந்தன.

கேட்பது என் வேலையில் இல்லை. நான் பேசுவேன், ஆபீசர் கேட்பார். இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் "கை தூக்குங்கள்" என்று நான் சொன்னதில்லை. எனக்குப் பேச்சு அமைதியில் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்ததை முழுசாக உனக்கு எழுதினேன். தெரிந்ததே அவ்வளவுதான். நீ ஜெயிப்பாய் என்றுதான் நினைத்தேன். தோற்றுவிட்டு உன்னிடம் திட்டு வாங்கலாம் என்றுகூட நினைத்தேன்.

நீ பேசியபோது நான் பின்னால் நின்றிருந்தேன். டம்ளர் கையில் இருந்தது, குடிக்கவில்லை. அம்மாவுக்கு முகங்கள் மறந்துபோனது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆபீசர் உன் பேச்சைப் போனில் பதிவு செய்துவிட்டார். அடுத்த கட்டடத்தில் படிக்கட்டுக் கதையை விட்டுவிட்டு அந்த உச்சந்தலை விஷயத்தைச் சொல்லச் சொல்கிறார். "அதுல பொய்யே இல்லையே சார், உங்களுக்கும் நிம்மதி" என்றார். எனக்கு அவரோடு சண்டை போடக் குரல் இல்லை. முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். வேறு பேச்சாளரைப் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். ஆனால் புதிதாக வருகிறவன் அதைச் சொல்வான், அக்கா. என்னால் அதைத் தடுக்க முடியாது. உன்னிடம் மறைக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

உனக்குக் கீழ்வீடு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாடகை வீட்டிலும், புதிதாகக் கட்டுவதிலும்.

ஒன்று கேட்கட்டுமா? எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, தப்பாகத்தான் வரும். நீ வீட்டைக் காலி செய்கிற நாளில் நான் வரட்டுமா? பேசமாட்டேன். சாமான் இறக்குவேன். அம்மாவை இறக்கியபோது நான் கை கொடுக்கவில்லை.

உன் தம்பி

—

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

பதில் எழுத ஒன்றரை மாசம் ஆகிவிட்டது. கோபத்தில் இல்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. பாத்திரம், துணி, பெட்டி என்று கட்டிக்கொண்டிருக்கிறேன். எதைத் தொட்டாலும் அது எந்த வருஷம் யார் வாங்கியது என்று நினைவு வந்துவிடுகிறது. அதைக் கட்டி முடிக்கிறதற்குள் பொழுது போய்விடுகிறது. மறதி உள்ளவர்கள் சீக்கிரம் வீடு மாறுவார்கள் போலிருக்கிறது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. நீ கடைசியில் கேட்டது நன்றாக இருந்தது. உடனே வா என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் பயம் வந்தது. எலக்ட்ரீஷியனுக்கும் அன்றைக்கு இப்படித்தான் கை தானாக எழுந்திருக்கும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ உண்மையாகவே கேட்டிருக்கலாம். ஆனால் நீ உண்மையாகக் கேட்டாலும் பழக்கத்தில் கேட்டாலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. இத்தனை வருஷம் பேசிப் பேசி நீ சம்பாதித்தது இதுதான்.

அந்தப் புது ஆள் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொள்ளட்டும். உண்மையை ஊர் நடுவில் வைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது என்றால் நடக்குமா? அவனிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. அம்மாவுக்கு எங்கள் மேல் வருத்தம் இருந்ததாகச் சொல்லக்கூடாது. இல்லை. எனக்குத் தெரியும்.

நேற்று எலக்ட்ரீஷியன் குடும்பம் முதலில் காலி செய்தது. அவன் அப்பாவை நாற்காலியில் வைத்து நாலு பேர் இறக்கினார்கள். இரண்டாம் மாடி வளைவில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நாற்காலியைச் சாய்த்து, உயர்த்தி, வாய்தா கீழே நின்று "இடது, இடது, யோவ் உன் இடது" என்று கத்த, ஒருவழியாகத் திரும்பியது. நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பேரைச் சொல்லித் திட்டத் தோன்றியது. வாய் வரவில்லை.

வேன் நின்றிருந்தது. பெரியவர் ஏறமாட்டேன் என்றுவிட்டார். முடிதிருத்தகத்துக்குப் போகவேண்டும் என்றார். "அப்பா, நேத்துதானே நான் ஷேவ் பண்ணிவிட்டேன்" என்கிறான் மகன். "நீ செரைக்கிறது கடமைக்கு. கடைக்காரன் செரச்சாத்தான்டா ஊர்க் கதை வரும்" என்று வாய் கோணிக்கொண்டே சொன்னார். நாற்காலியோடு தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேன்காரன் திட்டிக்கொண்டே காத்திருந்தான். நான் என்னவோ அவர் திரும்பி வருகிறவரைக்கும் அங்கேயே நின்றுவிட்டேன். வந்தபோது கன்னத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்து, நல்ல கையைத் தூக்கிக் காட்டினார்.

நானும் கையைத் தூக்கினேன். வேறு என்ன செய்வது?

நான் போகிறது வரும் வெள்ளிக்கிழமை. நீ அன்றைக்கு வரவேண்டாம். அன்றைக்கு நீ வந்தால் அழுவாய், நீ அழுவதைப் பார்த்து நான் எதற்காவது சம்மதித்துவிடுவேன். சாமான் இறக்க ஆள் இருக்கிறார்கள்.

மறுநாள் வா. பொட்டல் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம். அடுப்பு மூட்டியிருக்கமாட்டேன், சாப்பிட்டுவிட்டு வா. அன்றைக்குப் பேசுவதற்கு நம் இரண்டு பேருக்கும் ஒன்றும் இருக்காது.

அக்கா